காலை ஒலிபரப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊர் வானொலிகளின் காலை நிகழ்ச்சியைப் பற்றியவை. நேர்காணல், பாட்டு, கலை இலக்கியம் மூன்றையும் ஒரே நிகழ்ச்சிக்குள் கொண்டுவருபவர்களும், இனிமேல் கொண்டுவர நினைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: காலை 6 முதல் 9 வரை மூன்று மணி நேர நிகழ்ச்சி தொடங்குகிறோம். பாட்டு எத்தனை சதவீதம், பேச்சு எத்தனை சதவீதம் வைப்பது? — புதிய நிலையம் ஒன்றின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்

பதில்: சதவீதத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு வட்டம் வரைந்து அதை 60 நிமிடமாகப் பிரியுங்கள். காலையில் யாரும் மூன்று மணி நேரமும் உட்கார்ந்து கேட்பதில்லை. பல் துலக்கும்போது ஒருவர், வண்டியில் போகும்போது இன்னொருவர் என்று எல்லோரும் நடுவில் வந்து நடுவில் போகிறார்கள். எந்த நிமிடத்தில் வந்தாலும் ஐந்தாறு நிமிடத்துக்குள் ஒரு பாட்டும், மணி என்ன என்பதும், கேட்பதற்குரிய ஒரு பேச்சும் அவர் காதில் விழ வேண்டும். வட்டத்தை வரைவது அதற்காகத்தான்.

நடைமுறையில் நிற்கும் ஒரு வட்டம் இது. மணி அடித்ததும் 3 நிமிடம் செய்தி. 3லிருந்து 4 வரை வானிலையும், இன்று யார் வருகிறார் என்ற ஒரு வரியும். 4லிருந்து 8 வரை பாட்டு. 8லிருந்து 14 வரை நேர்காணலின் முதல் பகுதி. 14லிருந்து 18 வரை பாட்டு. 18லிருந்து 24 வரை நேர்காணலின் இரண்டாம் பகுதி. அரை மணி வரை பாட்டும் நேர அறிவிப்பும். 30இல் ஒரு நிமிடம் தலைப்புச் செய்திகள். 39 வரை இரண்டு பாட்டு. 39லிருந்து 45 வரை கலைப் பகுதி. 49 வரை பாட்டு. 51 வரை ஊரில் நடக்கப்போகும் நிகழ்ச்சிகள். மீதி நேரம் பாட்டு, கடைசியில் கருவியிசை. கூட்டினால் பாட்டு 33 நிமிடம் அளவுக்கு வரும். விகிதம் இப்படித் தானாக அமைவதே நல்லது.

நேர்காணலை 12 நிமிடம் ஒரே மூச்சாக வைக்காமல் இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. 15ஆவது நிமிடத்தில் வானொலியைத் திறந்தவருக்குப் பேசுவது யார் என்றே தெரியாது. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் விருந்தினரை மீண்டும் அறிமுகம் செய்யும்போது அவரும் உள்ளே வந்துவிடுகிறார். பகுதிக்குள்ளேயும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பெயரையும் அவர் யார் என்பதையும் கேள்வியோடு சேர்த்துச் சொல்லுங்கள். "இருபது வருடமாக நூலகம் நடத்துகிறீர்கள்..." என்று கேள்வியைத் தொடங்கினால் அறிமுகமும் அதிலேயே முடிந்துவிடும்.

புதியவர்களின் வட்டம் குலைவதற்கு முக்கியமான காரணம், 60 நிமிடத்தையும் பொருளால் நிரப்பிவிடுவது. நேரலையில் ஒவ்வொரு இணைப்பும் பத்து விநாடி, பதினைந்து விநாடி நீளும். மணிக்கு இரண்டு நிமிடமாவது காலியாக விடுங்கள். இரண்டாம் மணியில் அதே எலும்புக்கூடு, வேறு விருந்தினர். மூன்றாம் மணியில் முதல் நேர்காணலின் சிறந்த மூன்று நிமிடத்தை வெட்டி மறுபடி வைக்கலாம். 6:10க்குக் கேட்டவர் 8:10க்கு அநேகமாக வேலைக்குப் போயிருப்பார்.

கேள்வி: எட்டு மணிச் செய்திக்குச் சரியாக நிறுத்த முடியவில்லை. பாட்டை நடுவில் அமுக்க வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் அறிவிப்பாளர் எதையாவது பேசி நிரப்புகிறார். — தன்னார்வத் தொகுப்பாளர்

பதில்: முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். செய்தி 8:00:00. நிலைய முத்திரைக்கும் நேர அறிவிப்புக்கும் 20 விநாடி. ஆகவே பாட்டு 7:59:40க்கு முடிய வேண்டும். பாட்டின் நீளம் 4:12 என்றால் அது தொடங்க வேண்டிய நேரம் 7:55:28. இந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி எதிரில் ஒட்டிவிடுங்கள். அதற்கு முன்னால் நடக்கும் பேச்சு எவ்வளவு சுவையாக இருந்தாலும் அந்த விநாடியில் பாட்டு தொடங்கியாக வேண்டும்.

இதைவிடப் பத்திரமான வழி ஒன்றும் உண்டு. சரியாக 5:00 நிமிடம் ஓடும் ஒரு கருவியிசையை 7:55:00க்கு ஃபேடரை (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழை) இறக்கிவைத்த நிலையில், ஒலி வெளியே போகாமல் ஓடவிடுங்கள். முன்னால் உள்ள பாட்டோ பேச்சோ எப்போது முடிகிறதோ அப்போது ஃபேடரை மெல்ல ஏற்றினால் போதும். 7:57க்கு ஏற்றினாலும் 7:59க்கு ஏற்றினாலும் இசை எட்டு மணிக்கு இயல்பாக முடியும். நேர அறிவிப்பை அதன் கடைசி 20 விநாடியின் மேல் பேசிக்கொள்ளலாம். பாடல் வரி இல்லாத, தெளிவான முடிவுள்ள இசையாகத் தேர்ந்தெடுங்கள். ஒலி தேய்ந்து மறையும் முடிவு இதற்கு உதவாது. எங்கே முடிந்தது என்றே தெரியாது.

மென்பொருள் காட்டும் நீளத்தை அப்படியே நம்ப வேண்டாம். கோப்பின் கடைசியில் ஐந்தாறு விநாடி வெறும் மௌனம் இருப்பது சாதாரணம். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: குரல் தொடங்கும் விநாடி, இசை உண்மையில் முடியும் விநாடி, முடிவு திடீர் நிறுத்தமா தேய்வா என்பது. குரல் 18ஆவது விநாடியில் தொடங்குகிறது என்று தெரிந்தால் 16 விநாடிக்குள் பேச்சை முடித்துவிடலாம். பாடகரின் முதல் சொல்லின் மேல் அறிவிப்பாளரின் குரல் விழாது.

ஸ்டூடியோக் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். பிபிசி 1924 பிப்ரவரி 5 அன்று கிரீன்விச் நேர ஒலியை ஒலிபரப்பத் தொடங்கியது. அதன் ஆறு ஒலிகளில் கடைசியானது தொடங்கும் கணமே மணி. உலகம் முழுவதும் நேயர்கள் வானொலியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தியவர்கள். அந்த நம்பிக்கை இன்னும் காலை நிகழ்ச்சியின் மேல் இருக்கிறது.

கேள்வி: நேர்காணலுக்கு முன் தேநீர் குடிக்கும்போது விருந்தினர் அருமையாகப் பேசுகிறார். மைக் திறந்ததும் "ஆமாம்", "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுகிறார். என்ன செய்வது? — கல்லூரி வானொலி மாணவி

பதில்: அந்த அருமையான பேச்சைத் தேநீர் நேரத்திலேயே செலவழித்துவிட்டீர்கள். ஒரு நிகழ்வை மனிதர் முதல் தடவை சொல்லும்போது இருக்கும் உயிர் இரண்டாம் தடவை இருப்பதில்லை. "அதான் முன்னாடியே சொன்னேனே" என்ற சொல்லும் வந்துவிடும். முந்தைய நாளே பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். அப்போது பெயரின் சரியான உச்சரிப்பு, ஆண்டுகள், இடங்கள், எதைப் பற்றிப் பேச விருப்பம், எதைத் தொடக்கூடாது ஆகியவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒரு நல்ல அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தால், "இதை நாளைக்கு அப்படியே நேயர்களுக்குச் சொல்லுங்கள்" என்று அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்டூடியோவுக்கு வந்த பிறகு வெளிப்பேச்சு மட்டும் போதும்.

ஒற்றைச் சொல் பதில் வருவதற்குப் பெரும்பாலும் கேள்வியே காரணம். "இளம் வயதிலேயே நாடகத்தில் ஆர்வம் இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதுதான் முழுமையான பதில். "முதல் தடவை மேடை ஏறிய அன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். எப்படி, ஏன், என்ன நடந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள் என்ற வகைக் கேள்விகள்தாம் பேச வைக்கும். இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கோக்காதீர்கள். விருந்தினர் எளிதான இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்வார்.

பதில் முடிந்தது போலத் தோன்றும்போது இரண்டு விநாடி பொறுத்திருங்கள். அவர் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தால் போதும். அந்த இடைவெளியில்தான் பலர் மனத்தில் இருப்பதைச் சொல்கிறார்கள். "ம்... ம்..." என்று ஒலி எழுப்புவது நேரில் பேசும்போது மரியாதை, வானொலியில் அது விருந்தினரின் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும், வெட்டவும் முடியாது.

ஆறு நிமிடத்துக்கு நான்கு கேள்வி போதும். எட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எழுதிவைத்த அடுத்த கேள்வியை எதிர்நோக்கும் காது, விருந்தினர் போகிற போக்கில் சொன்ன முக்கியமான ஒரு சொல்லைத் தவறவிடும். தாளில் முழு வாக்கியம் வேண்டாம்; மூன்று சொல் குறிப்பு போதும். முழு வாக்கியத்தைப் பார்த்தால் படிக்கத் தோன்றும், படிக்கும் குரல் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒலி அளவு பார்க்க "ஒன்று, இரண்டு, மூன்று சொல்லுங்கள்" என்பதையும் விட்டுவிடலாம். எண்ணும்போது எல்லோரும் தயங்கித் தாழ்ந்த குரலில் எண்ணுவார்கள். உண்மையான பேச்சு அதைவிட உரக்க வந்து மீட்டர் சிவப்புக்குப் போகும். இன்று வந்த வழியைச் சொல்லச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் இயல்பான குரல் வந்துவிடும். உச்சம் −12 டெசிபலைச் சுற்றி நிற்குமாறு அளவை வையுங்கள். சிரிப்புக்கும் உரத்த பேச்சுக்கும் அந்த இடைவெளி தேவை.

கேள்வி: விருந்தினரின் "ப", "ச" ஒலிகள் அறைகின்றன. வளையல் ஓசை, மேஜைத் தட்டல் எல்லாம் கேட்கிறது. — ஒலிப்பதிவு உதவியாளர்

பதில்: வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கு விரல் முதல் ஒரு சாண் வரை, அதாவது 10 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். மைக் வாய்க்கு நேர் எதிரே வேண்டாம். 30 முதல் 45 பாகை பக்கவாட்டில் வைத்து, வாயின் ஓரத்தை நோக்கித் திருப்புங்கள். "ப" சொல்லும்போது காற்று நேராகப் பாய்கிறது, ஒலி எல்லாப் பக்கமும் பரவுகிறது. பக்கவாட்டில் இருக்கும் மைக்குக்கு ஒலி கிடைக்கும், காற்று படாது. அதோடு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிடுங்கள். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பேசினால் கீழ்ச்சுருதி கூடிக் குரல் கனமாகும். சிலருக்கு அது பிடிக்கும், ஆனால் தலையை அசைக்கும் விருந்தினரின் குரல் ஒவ்வொரு வாக்கியத்திலும் வேறு வேறாகக் கேட்கும்.

"ச", "ஸ" விஷயத்தில் எஃப்எம் முறைக்கும் பங்கு உண்டு. அனுப்பும் இடத்தில் உயர் அதிர்வெண்களைக் கூட்டி, வாங்கும் பெட்டியில் அதே அளவு குறைப்பார்கள். இரைச்சலைத் தணிக்க இந்த ஏற்பாடு. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் இதன் அளவு 50 மைக்ரோ விநாடி, அமெரிக்காவில் 75. கூர்மையான "ஸ" அந்தக் கூட்டலில் இன்னும் பெரிதாகி, ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரை முட்டுகிறது. ஸ்டூடியோவில் நன்றாகக் கேட்ட குரல் வானலையில் கரகரப்பதற்கு இதுவே காரணம். மைக்கை மூக்கு மட்டத்துக்கு ஏற்றிக் கீழ்நோக்கிச் சாய்த்தாலே பாதி குறையும். மீதிக்கு 5 முதல் 8 கிலோ ஹெர்ட்ஸ் பகுதியில், கூர்மையான ஒலியை மட்டும் தணிக்கும் டீ-எஸ்ஸர் வைத்து 3, 4 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் போனால் நாக்கு தடித்தவர் பேசுவது போலாகிவிடும்.

இரண்டு மைக் என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்று இருக்கும் தூரம், வாய்க்கும் அவரவர் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு வேண்டும். நெருங்கினால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் சிறு தாமதத்தோடு விழுந்து குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்கும். வளையல், கைக்கடிகாரம், பேனா ஆகியவற்றை முன்கூட்டியே பணிவாகக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மேஜையில் ஒரு தடித்த துணி விரித்தால் தட்டல் அடங்கும். கைப்பேசியை அமைதியாக்கினால் மட்டும் போதாது, மைக் வயரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

கேள்வி: தொலைபேசியில் இணையும் விருந்தினருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கிறது என்கிறார். — தொழில்நுட்ப உதவியாளர்

பதில்: அவருக்கு அனுப்பும் ஒலியில் அவர் குரலும் கலந்து போகிறது. கைப்பேசி இணைப்பில் தாமதம் இருப்பதால் தன் சொல்லே சற்றுப் பின்னால் வந்து காதில் விழுகிறது. எவ்வளவு பழகிய பேச்சாளருக்கும் நாக்கு குழறும். அவர் குரலை மட்டும் விலக்கிய ஒரு தனிக் கலவையை அவருக்கு அனுப்ப வேண்டும். மிக்ஸ் மைனஸ் என்று சொல்வது இதைத்தான்.

மிக்ஸரில் ஆக்ஸ் 1ஐ (தனிக் கலவையை வெளியே அனுப்பும் துணை வழியை) எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பாளர் மைக், பாட்டு, மற்ற விருந்தினர் மைக் எல்லாவற்றிலும் ஆக்ஸ் 1 குமிழை நடு அளவுக்குத் திறங்கள். தொலைபேசி வரும் சேனலில் மட்டும் முழுக்க மூடுங்கள். ஆக்ஸ் 1இன் வெளியீட்டைத் தொலைபேசி இணைப்புப் பெட்டிக்குக் கொடுங்கள். ஆக்ஸ், ஃபேடருக்கு முந்தையதாக இருந்தால் ஃபேடர் இறங்கியிருக்கும்போதும் விருந்தினரோடு பேசிக்கொள்ளலாம். அதே காரணத்தால் ஸ்டூடியோவில் பேசும் மற்றதும் அவருக்குக் கேட்கும் என்பதை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தனிப் பெட்டி இல்லாமல் கைப்பேசியின் ஹெட்ஃபோன் துளை வழியாகக் கொடுப்பவர்கள், மிக்ஸர் வெளியீட்டைச் சுமார் 40 டெசிபல் குறைக்கும் இணைப்புக் கம்பி வாங்க வேண்டும். கைப்பேசி எதிர்பார்ப்பது மைக் அளவு. மிக்ஸர் தருவது லைன் அளவு. நேராகக் கொடுத்தால் விருந்தினர் காதில் உடைந்த ஒலி போகும்.

இதைச் செய்த பிறகும் எதிரொலி வந்தால் அவர் வீட்டு வானொலியோ ஸ்ட்ரீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. இணைய ஸ்ட்ரீம் அரை நிமிடம் வரைகூடப் பின்தங்கும். இணைப்பில் எடுப்பதற்கு முன்பே அணைக்கச் சொல்ல வேண்டும்.

பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். இன்றைய அகலக்கற்றைக் குரல் இணைப்பு 7000 ஹெர்ட்ஸ் வரை போகும், ஆனால் இரு முனையிலும் அது இயங்கினால்தான். முன்பதிவு செய்யும் நேர்காணல் என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. விருந்தினர் தன் கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் தன் குரலைத் தானே பதிவு செய்யட்டும். பேசுவது வேறொரு கைப்பேசியிலும் இயர்ஃபோனிலும் நடக்கட்டும். தொடக்கத்தில் அவர் ஒருமுறை கைதட்டினால், இரு பதிவுகளையும் அந்த ஒலியில் பொருத்தலாம். இரண்டு கருவிகளின் உள்கடிகாரங்களும் ஒன்றுபோல் ஓடா. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகும். எட்டு நிமிட நேர்காணலில் அது காதுக்கே தெரியாது, நீண்ட உரையாடலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பொருத்த வேண்டும்.

கேள்வி: ஸ்டூடியோவில் பேச்சுக்குப் பின்னால் மெல்லிசையாக ஓடும் இசை, வானொலிப் பெட்டியில் குரலை விழுங்கிவிடுகிறது. ஏன்? — காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர்

பதில்: ஸ்டூடியோவுக்கும் ஒலிபரப்புக் கருவிக்கும் இடையில் ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது. ஒலி குறையும்போதெல்லாம் அது தூக்கிவிடும். நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் பின்னணி இசைதான் மிஞ்சுகிறது. உடனே அது மேலே வருகிறது. நீங்கள் பேசியதும் இறங்குகிறது. கேட்பவருக்கு இசை அலை அலையாக மோதுவது போலிருக்கும். மிக்ஸரில் எட்டு டெசிபல் வித்தியாசம் போதும் என்று தோன்றினாலும், குரலைவிட இசை 18 முதல் 20 டெசிபல் கீழே இருக்கட்டும். மைக்கின் முன்னால் ஹெட்ஃபோனில் மிக மெல்லியதாகக் கேட்கும் அளவே வானலையில் சரியாக வரும். ஒலிபரப்பாவதை ஒரு சின்னப் பெட்டியில் பதிவு செய்து கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பின்னணிக்குப் பாடல் வரி வேண்டாம். புல்லாங்குழல், வயலின்போல் குரலின் எல்லைக்குள் ஓடும் தனிக்கருவியும் வேண்டாம். 1 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில்தான் சொல்லின் தெளிவு இருக்கிறது, அங்கே போட்டி கூடாது. நேர்காணலுக்குப் பின்னால் இசையே வைக்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. பேச்சை வெட்டி ஒட்டும்போது இசையும் சேர்ந்து துள்ளும். அதைவிட முக்கியம், காது சற்று மங்கிய முதியவர்களுக்கு இசைக்கு நடுவே சொல்லைப் பிரித்தறிவது மிகக் கடினம். காலை வானொலியின் உண்மையான நேயர்களில் அவர்கள் பெரும் பங்கு.

பாட்டுக்குப் பாட்டு ஒலி துள்ளுவது வேறு விஷயம். புதிய திரைப்பாடல்கள் மிக உரத்த அளவில் தயாராகின்றன, பழைய பதிவுகள் அமைதியானவை. இரண்டுக்கும் பத்து டெசிபல் வித்தியாசம் சாதாரணம். உச்சத்தைச் சமமாக்கினால் இது தீராது, காது உணரும் சராசரி உரப்பைச் சமமாக்க வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் இதற்கு −23 எல்யுஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை வகுத்தது. உங்கள் நிலையம் எந்த எண்ணை ஏற்றாலும் பாட்டு, பேச்சு, விளம்பரம் எல்லாக் கோப்புகளையும் அதே எண்ணுக்குக் கொண்டுவந்து சேமியுங்கள்.

கேள்வி: கச்சேரிப் பதிவு 25 நிமிடம் ஓடுகிறது. காலை வட்டத்தில் ஆறு நிமிடம்தான் இடம். வெட்டினால் ரசிகர்கள் கோபிக்கிறார்கள். — இசைப் பகுதித் தயாரிப்பாளர்

பதில்: வெட்டியதற்காக அவர்கள் கோபப்படுவதில்லை, வெட்டிய இடத்துக்காகத்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆறாவது நிமிடத்தில் ஃபேடரை இறக்கினால் ஒரு சங்கதி பாதியில் அறுபடும். முதலில் முழுப் பதிவையும் தாளம் போட்டுக் கேளுங்கள். பல்லவி எடுப்பு (பல்லவி தொடங்கும் இடம்) எங்கெங்கே திரும்பி வருகிறது என்று நேரத்தோடு குறியுங்கள். ஒரு எடுப்பிலிருந்து இன்னொரு எடுப்புக்குத் தாவினால் ஆவர்த்தனக் கணக்கு குலையாது. ஆதி தாளத்தில் அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு என்றால், அந்த அரை இடத்தையும் சேர்த்தே வெட்ட வேண்டும்.

மிருதங்கத்தின் ஒரு வலுவான சொல்லின் தொடக்கத்தில் ஒட்டினால் இணைப்பு மறைந்துவிடும். 20 முதல் 50 மில்லி விநாடி குறுக்குத் தேய்வு போதும். வெட்டுக்கு இரு பக்கமும் தம்புரா ஒரே அளவில் இருக்கிறதா என்று தனியே கேளுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாட்டு போகப் போகக் காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) சிறிது விறுவிறுக்கும். மூன்றாவது நிமிடத்தையும் பதினெட்டாவது நிமிடத்தையும் ஒட்டினால் தாளம் சரியாக இருந்தும் ஓட்டம் இடறும். அருகருகே உள்ள எடுப்புகளையே தேர்ந்தெடுங்கள். முடிக்க நல்ல இடம், கல்பனாஸ்வரக் கோர்வை இறங்கிப் பல்லவியில் விழுந்து கைதட்டல் எழும் இடம். கைதட்டலில் தேய்த்தால் யாருக்கும் குறை இருக்காது. விரிவான ஆலாபனையை வெட்டாதீர்கள். அதை வாரக் கடைசியின் நீண்ட நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பாட்டின் சுருதியும் பார்க்க வேண்டும். ஒரு கட்டையில் முடிந்ததும் ஒன்றரைக் கட்டையில் இன்னொரு பாட்டு தொடங்கினால், இரண்டாவது பாடகர் சுருதி விலகியதுபோல் கேட்கும். ஐந்து கட்டை வந்தால் அது முந்தைய ஆதார சட்ஜத்துக்குப் பஞ்சமம் என்பதால் இழைந்துவிடும். மாற்ற முடியாத வரிசை என்றால் நடுவில் 15 விநாடி பேச்சு வையுங்கள், காது பழைய சுருதியை மறந்துவிடும். ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், பக்கவாத்தியக்காரர்கள் என்ற முழு விவரத்தைப் பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள். பிடித்துப்போனவர்தான் பெயரைத் தேடுவார்.

கேள்வி: பறை, தவில், நாதஸ்வரக் கலைஞர்களைச் சிறிய ஸ்டூடியோவில் நேரலையில் வாசிக்கவைக்க முடியுமா? — சமுதாய வானொலிப் பணியாளர்

பதில்: முடியும், ஆனால் அறிவிப்பாளர் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் நடக்காது. டைனமிக் மைக் எடுங்கள். தோலிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல், தோலை நேராகப் பார்க்காமல் சாய்த்து வையுங்கள். மைக்கிலோ மிக்ஸரிலோ 20 டெசிபல் குறைக்கும் பேட் இருந்தால் போடுங்கள். மிக உரத்த ஒலியையும் சிதையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் பதிவுக் கருவி இருக்கிறதென்று அளவைப் பார்க்காமல் விடுவது தவறு. மைக்கே திணறிவிட்டால் எந்தக் கோப்பு வடிவமும் காப்பாற்றாது. நாதஸ்வரத்துக்கு அணசின் (கீழ்முனையில் விரிந்த பகுதியின்) வாய்க்கு நேராக மைக் வேண்டாம். விரல் துளைகளின் பக்கம், ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி முழுமையாகக் கிடைக்கும்.

பாடுபவர் இருந்தால் அவருடைய மைக்கின் பின்புறம் பறையைப் பார்க்கட்டும். கார்டியாய்டு மைக் பின்னால் வரும் ஒலியைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். வெறும் சுவரில் ஒலி மோதித் திரும்பும் என்பதால் வாத்தியத்துக்குப் பின்னால் தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். அளவு பார்க்கும்போது முதல் தட்டலைக் கேட்காமல், அவர்கள் உச்சமாக வாசிக்கும் பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஏசி அறை வாத்தியங்களுக்கு ஒத்துவராது. பறைத் தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுவார்கள். ஈரப்பதம் பட்டால் அது தளரும். வெளியே காய்ச்ச இடம் ஒதுக்கி, உள்ளே வந்து ஐந்து நிமிடத்துக்குள் வாசிக்கும்படி நேரத்தை அமையுங்கள். ஊதும் முனையில் உள்ள சீவாளி உலர்ந்தால் நாதஸ்வரத்தின் சுருதி கெடும். வாசிக்கத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஊதிப் பார்க்க அமைதியான இன்னோர் அறை கொடுங்கள். கலைஞர்களைக் காத்திருக்கவைத்து மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்வது மரியாதையும் இல்லை, நல்ல ஒலிபரப்பும் இல்லை. இரண்டு உருப்படிகள், நடுவில் வாத்தியத்தைப் பற்றி அவர்களே பேசும் நான்கு நிமிடம், இவை கொண்ட ஒரு முழுப் பகுதியாகத் திட்டமிடுங்கள்.

கேள்வி: ஓவியக் கண்காட்சி, நடனம், கவிதைத் தொகுப்பு பற்றி வானொலியில் பேசினால் வறட்சியாகிறதே? — கலைப் பகுதித் தொகுப்பாளர்

பதில்: "மிக அழகான ஓவியங்கள்" என்பதில் எதுவும் தெரிவதில்லை. படம் எவ்வளவு பெரியது, கதவளவா கையளவா, எந்த நிறம் முதலில் கண்ணில் படுகிறது, நடுவில் யார், ஓரத்தில் என்ன என்று சொல்லுங்கள். ஓவியரைப் படத்தின் எதிரே நிற்கவைத்துப் பதிவு செய்தால் அவரே சுட்டிக்காட்டிப் பேசுவார். "இங்கே" என்று அவர் சொல்லும்போது "மேல் இடது மூலையில்" என்று நீங்கள் நிரப்புங்கள். சிற்பம் என்றால் உளியின் ஓசை, நடனம் என்றால் சலங்கையும் ஜதியும். பேச்சில்லாத அந்த இடத்தின் ஒலியை ஒரு நிமிடம் தனியே பதிவு செய்து வாருங்கள். வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும்.

கவிதையைக் கவிஞரே படிக்கட்டும், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குறுங்கவிதை என்றால் இருமுறை படிக்கச் சொல்லுங்கள். வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், நேயருக்கு அது முடியாது.

கேள்வி: ஊர் நிகழ்ச்சி அறிவிப்புகளை எப்படி எழுதுவது? — தன்னார்வலர்

பதில்: ஒன்றுக்கு 20 விநாடி, ஒரு தடவையில் நான்குக்கு மேல் வேண்டாம். முதலில் என்ன நிகழ்ச்சி, பிறகு யார், கடைசியில் கிழமை, தேதி, நேரம், இடம். கிழமையையும் இடத்தையும் முடிவில் மறுபடி சொல்லுங்கள். பெயர் கேட்டு ஆர்வம் வந்த பிறகுதான் காது விவரத்துக்குத் தயாராகிறது. "நாளை" என்று பதிவு செய்து வைக்காதீர்கள், மறு ஒலிபரப்பில் பொய்யாகிவிடும்.

கேள்வி: ஒலிபரப்பிய காலை நிகழ்ச்சியை அப்படியே பாட்காஸ்டாக ஏற்றலாமா? பாட்டுக்குத்தான் ஏற்கெனவே கட்டணம் கட்டுகிறோமே? — நிலைய நிர்வாகி

பதில்: அப்படியே ஏற்றக் கூடாது. ஒரு பாட்டில் இரண்டு வகை உரிமை இருக்கிறது: சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியது ஒன்று, ஒலிப்பதிவுக்கு உரியது இன்னொன்று. ஒலிபரப்புக்குப் பெற்ற அனுமதி, கேட்பவர் விரும்பியபோது கேட்கவும் இறக்கிக்கொள்ளவும் வைக்கும் பிரதிக்குப் பொதுவாகப் பொருந்தாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆகவே நேர்காணலையும் கலைப் பகுதியையும் தனியே வெட்டி, இசை இல்லாமல் ஏற்றுங்கள். நேர்காணலின் பின்னால் இசை வைக்காதவர்களுக்கு இது பத்து நிமிட வேலை.

நாட்டுப்புறப் பாடல் யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணி ஏற்றுவதிலும் சிக்கல் உண்டு. பாட்டு தலைமுறை தலைமுறையாக வந்திருக்கலாம், அதைப் பாடிய கலைஞருக்கும் பதிவுக்கும் உரிமை இருக்கிறது. ஸ்டூடியோவில் வாசிக்க வருபவரிடம் ஒரு பக்கத் தாளில், ஒலிபரப்பு, மறு ஒலிபரப்பு, இணையம் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் தாளைப் படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொள்வதை அவர் குரலிலேயே பதிவு செய்து அந்தக் கோப்பை நிகழ்ச்சிக் கோப்போடு சேர்த்து வையுங்கள். ஒலிபரப்பிய ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஒலித்த விநாடிகள் என்று அன்றன்றே பதிவேட்டில் எழுதிவிடுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் யாருக்குப் போக வேண்டிய தொகையோ அது வேறு யாருக்கோ போய்ச் சேரும்.